ஒரு மடிக்கணினி, இரண்டு வரைகலை அட்டைகள்: லினக்ஸில் இரண்டையும் இயங்கவைத்தல்

மடிக்கணினியின் பெட்டியில் என்விடியா அட்டையின் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதில் லினக்ஸ் வழங்கல்களான உபுண்டுவையோ ஃபெடோராவையோ நிறுவி, அமைப்புகளில் கணினியைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் இன்டெல் என்ற பெயரே முதலில் கண்ணில் படும். முப்பரிமாண விளையாட்டு ஒன்றைத் தொடங்கினால் காட்சிகள் விட்டுவிட்டு நகரும். வேறு சிலருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை வருகிறது: ஓர் உரைக் கோப்பை மட்டும் திறந்து வைத்திருந்தாலும் விசிறி ஓயாமல் சுழல்கிறது, மின்கலம் விண்டோஸில் தாங்கிய நேரத்தில் பாதிகூடத் தாங்குவதில்லை. இன்னும் சிலருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். எச்டிஎம்ஐ கம்பியைச் செருகி வெளித்திரையை இணைத்தால் மட்டும் அது இருண்டே கிடக்கும்.

இம்மூன்றும் தனித்தனிக் கோளாறுகளைப் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். பெரும்பாலான இரட்டை அட்டை மடிக்கணினிகளில் திரை எப்போதும் மையச் செயலியோடு வரும் சிறிய அட்டையிடமே இருக்கிறது. பெரிய அட்டை படத்தை வரைந்து சிறிய அட்டையின் கையில் கொடுக்கிறது, அவ்வளவுதான். இந்த ஓர் உண்மை மனத்தில் பதிந்துவிட்டால், எந்தக் கட்டளை எதற்காக என்பது தானாக விளங்கும். என்னுடைய முதல் இரட்டை அட்டை மடிக்கணினியில் இது தெரியாமல், கண்ட இடத்தில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் வரிசையாக இட்டு ஒரு வாரத்துக்கும் மேல் செலவிட்டேன். ஆகவேதான் இங்கே கட்டளைகளுக்கு முன்பாகக் கருத்தை விளக்கிவிட விரும்புகிறேன்.

இரண்டு அட்டைகள் ஏன்?

மையச் செயலியின் உள்ளேயே பொதிந்து வரும் வரைகலைப் பகுதியை உள்ளமை அட்டை என்று அழைக்கலாம். உண்மையில் அது தனியாகக் கழற்றக்கூடிய அட்டை அன்று. இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியின் ஒரு பகுதியே. அதற்கென்று தனி நினைவகம் கிடையாது, கணினியின் பொது நினைவகத்திலிருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது, மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவழிக்கிறது. இணைய உலாவி, உரைத் தொகுப்பு, திரைப்படம் பார்த்தல் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும். மற்றது, தனக்கென்று விரைவான நினைவகத்தையும் குளிர்விக்கும் ஏற்பாட்டையும் கொண்ட தனி அட்டை. முழு வீச்சில் இயங்கும்போது அது பல பத்து வாட் மின்சாரத்தை இழுக்கும். அதை நாள் முழுவதும் விழிப்பில் வைத்திருந்தால் மின்கலம் தாங்காது. அறவே விட்டுவிட்டால் விளையாட்டும் முப்பரிமாண வடிவமைப்பும் நடக்காது.

ஆகவே தேவைக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் யோசனை பிறந்தது. 2006இல் வெளிவந்த சோனி வயோ எஸ்இசட் வரிசையில் இதற்கென்று கையால் நகர்த்தும் ஒரு பொத்தானே இருந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால் மின்சாரச் சிக்கனம், மறுபக்கம் தள்ளினால் வேகம், ஆனால் மாற்றம் நடைமுறைக்கு வரக் கணினியை மறுபடியும் தொடங்க வேண்டும். திரைக்குச் செல்லும் கம்பியை ஓர் அட்டையிலிருந்து பிரித்து மற்றதோடு சேர்க்கும் மின்சுற்று அதில் இருந்தது. மக்ஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சுற்று செலவையும் சிக்கலையும் கூட்டியது.

2010 பிப்ரவரியில் என்விடியா அறிவித்த ஆப்டிமஸ் என்னும் ஏற்பாடு அந்தச் சுற்றையே நீக்கிவிட்டது. திரை உள்ளமை அட்டையோடு நிரந்தரமாக இணைக்கப்பட்டது. தனி அட்டைக்குத் திரையோடு நேரடித் தொடர்பே இல்லை; அது வரைந்து முடித்த ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது ஒவ்வொரு தனிப் படமும், கருவிகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகக் கணினியின் பொது நினைவகத்துக்குப் படியெடுக்கப்படுகிறது, உள்ளமை அட்டை அதை அங்கிருந்து எடுத்துத் திரையில் காட்டுகிறது.

நம் வீடுகளில் அன்றாடச் சமையலுக்கு எரிவாயு அடுப்பு இருக்கிறது; கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் கொல்லைப்புறத்தில் கோட்டையடுப்பு மூட்டப்படுகிறது. சோறு எந்த அடுப்பில் வெந்தாலும், அதே கூடத்து வழியாகத்தான் பந்திக்கு வந்து சேரும். விருந்து முடிந்த பிறகும் கோட்டையடுப்பை அணைக்காமல் விட்டால் விறகு வீணாகும். லினக்ஸில் நாம் செய்யப்போவது எல்லாம் எந்தப் பண்டத்தை எந்த அடுப்பில் ஏற்றுவது என்று சொல்வதும், வேலை முடிந்ததும் பெரிய அடுப்பு அணைந்ததா என்று பார்ப்பதும்தான்.

இப்படிப் படியெடுத்துக் கொடுப்பதால் வேகம் குறையாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. கணக்கிட்டுப் பார்க்கலாம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 50 கோடி பைட். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 பாதையின் எட்டுத் தடங்கள் நொடிக்கு ஏறக்குறைய 800 கோடி பைட்டைக் கடத்த வல்லவை. ஆகவே 60 ஃபிரேமில் இந்தச் சுமை உறுத்தாது. நொடிக்கு 144 ஃபிரேம் காட்டும் திரைகளிலும், புள்ளிகள் மிகுந்த பெரிய திரைகளிலும் இழப்பு கொஞ்சம் தெரியத் தொடங்கும். அதனால்தான் அண்மைக்கால விளையாட்டு மடிக்கணினிகள் சிலவற்றில் மக்ஸ் சுற்று திரும்பி வந்திருக்கிறது. அத்தகைய கணினியின் பயாஸ் என்ற தொடக்க அமைப்பில் தனி அட்டை மட்டும் என்ற நிலை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் உள்ளமை அட்டை லினக்ஸின் கண்ணுக்கே தெரியாது, மாற்றுவதற்கு எதுவும் இருக்காது. ஹைபிரிட் என்ற நிலைக்கு அதை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும்.

லினக்ஸ் கடந்து வந்த வழி

பழைய வழிமுறைகள் இன்றும் தேடலில் முதலில் வந்து நிற்பதால், அவற்றை அடையாளம் காண்பதற்காவது இந்த வரலாறு தேவைப்படுகிறது.

இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலின் 2010இல் வெளிவந்த 2.6.34 பதிப்பில், டேவ் ஏர்லி எழுதிய விஜிஏ ஸ்விட்சரூ என்ற பகுதி சேர்ந்தது. மக்ஸ் சுற்று உள்ள கணினிகளில் அட்டையை மாற்றவும், பயன்படாத அட்டையின் மின்சாரத்தை நிறுத்தவும் அது வழி செய்தது. ஆனால் ஆப்டிமஸ் கணினிகளில் மாற்றுவதற்குச் சுற்றே இல்லை. என்விடியாவோ லினக்ஸுக்கு அந்த ஏற்பாட்டைத் தரவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 2011இல் தன்னார்வலர்களின் முயற்சியாக பம்பிள்பீ வந்தது. திரைக்காட்சியைக் கையாளும் மென்பொருளான எக்ஸ் சேவையகத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைத் தனி அட்டையில் ஓடவிட்டு, அங்கே வரைந்த படத்தை இங்கே கொண்டுவந்து காட்டும் சுற்றுவழி அது. ஆப்டிரன், பிரைமஸ்ரன் ஆகிய கட்டளைகளும் பிபிஸ்விட்ச் என்ற கெர்னல் கூறும் அந்தக் காலத்தவை. இன்றைய கணினியில் இவற்றை நிறுவச் சொல்லும் வழிகாட்டி எதையும் பின்பற்ற வேண்டாம். இவற்றை உருவாக்கியவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, கைவிடப்பட்ட பயனர்களுக்குப் பல ஆண்டுகள் அவர்களே துணையாக நின்றார்கள். ஆயினும் அந்தச் சுற்றுவழிக்கு இன்று தேவை இல்லை.

2012 ஜூன் மாதம் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த கலந்துரையாடலில், ஆப்டிமஸ் மடிக்கணினி வைத்திருந்த ஒருவர் இந்தக் குறையை எழுப்பியபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒளிப்படக் கருவியின் முன்பாகவே என்விடியாவைக் கடுஞ்சொல்லால் ஏசினார். அந்தக் காட்சி உலகம் முழுதும் பரவியது. அதே ஆண்டில்தான் முறையான தீர்வும் உருவாகத் தொடங்கியது. ஓர் இயக்கியின் (அட்டையை இயக்கும் மென்பொருளின்) நினைவகப் பகுதியை மற்றோர் இயக்கி நேரடியாகப் பயன்படுத்த உதவும் டிஎம்ஏ-பஃப் என்ற வசதி கெர்னல் 3.3 பதிப்பில் சேர்ந்தது. அதன்மேல் எழுந்த பிரைம் என்னும் ஏற்பாட்டை அந்தச் செப்டம்பரில் வந்த எக்ஸ் சேவையகம் 1.13 ஏற்றுக்கொண்டது. திறந்த இயக்கிகள் விரைவாக இதற்கு மாறின. என்விடியாவின் மூடிய இயக்கியால் அது இயலவில்லை; டிஎம்ஏ-பஃப் வசதி ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் உள்ள நிரல்களுக்கு மட்டுமே என்பதில் கெர்னல் உருவாக்குநர்கள் சிலர் உறுதியாக நின்றார்கள். 2013இல் 319 வரிசை இயக்கியில் பாதி வசதி கிடைத்தது: முழு மேசைத்தளத்தையும் தனி அட்டையே வரையும், உள்ளமை அட்டை காட்டும். வேண்டிய செயலியை (பயன்பாட்டு மென்பொருளை) மட்டும் தனி அட்டைக்கு அனுப்பும் முழு வசதி 2019 ஆகஸ்ட்டில் வந்த 435 வரிசையில்தான் கிடைத்தது. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளை இன்றைய கணினிக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த ஆண்டுக் கணக்கே போதிய காரணம்.

முதலில் கணினியை அறிந்துகொள்ளுதல்

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும், மாறிகளின் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்துகளில் வரும்.

முனையத்தில் எல்எஸ்பிசிஐ என்று இட்டால் கணினியில் உள்ள கருவிகளின் பட்டியல் வரும். அதில் வரைகலை அட்டைகள் இரண்டு விதமான பெயர்களில் தென்படும். ஒன்று ‘விஜிஏ கம்பாட்டிபிள் கன்ட்ரோலர்’, மற்றது ‘3டி கன்ட்ரோலர்’. தனி அட்டை இரண்டாவது பெயரில் இருந்தால், அதோடு எந்தத் திரையும் எந்தத் துளையும் இணைக்கப்படவில்லை, வரைந்து கொடுப்பது மட்டுமே அதன் வேலை என்று பெரும்பாலும் கொள்ளலாம். முதல் பெயரிலேயே இரண்டும் இருந்தால், எச்டிஎம்ஐ துளையோ வேறு ஏதாவது ஒரு வெளிவழியோ தனி அட்டையோடு சேர்ந்திருக்கக்கூடும். பின்னால் வெளித்திரையைப் பற்றிப் பேசும்போது இந்தத் தகவல் பயன்படும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 01:00.0 என்பது போன்ற ஒரு முகவரி இருக்கும், தனி அட்டையின் முகவரியை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அட்டைகளும் ஏஎம்டியுடையவை என்றாலோ, இன்டெல்லோடு ஏஎம்டி தனி அட்டை சேர்ந்திருந்தாலோ உங்கள் வேலை ஏறத்தாழ முடிந்தது. அவற்றுக்கான ஏஎம்டிஜிபியு இயக்கி கெர்னலிலேயே இருக்கிறது, முப்பரிமாணப் படங்களை வரையச் செயலிகள் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல், வல்கன் ஆகியவற்றுக்கான பகுதி மெசா என்ற திறந்த மென்பொருளில் இருக்கிறது. எந்த வழங்கலை நிறுவினாலும் இரண்டும் உடன் வரும். ஒரு செயலியைத் தனி அட்டையில் இயக்க, அதன் கட்டளைக்கு முன்னால் டிஆர்ஐ பிரைம் என்ற சூழல் மாறிக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்தால் போதும். டிஆர்ஐ, பிரைம் என்னும் இரு சொற்களுக்கும் இடையே அடிக்கோடு வரும், மதிப்புக்கு முன்னால் சமக்குறி வரும். புதிதாக மடிக்கணினி வாங்கி அதில் லினக்ஸை மட்டுமே பயன்படுத்தப் போகிறவர் என்னிடம் யோசனை கேட்டால், ஏஎம்டி அட்டை உள்ளதையே பாருங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

என்விடியா அட்டையும் இயக்கியும்

என்விடியா அட்டைக்கு இரண்டு இயக்கிகள் உள்ளன. நுவோ என்பது என்விடியாவின் உதவியின்றி, அட்டை எப்படி நடந்துகொள்கிறது என்பதை வெளியிலிருந்து ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய திறந்த இயக்கி. லினக்ஸை நிறுவியவுடன் வழக்கமாக இதுவே செயல்படும், ஏஎம்டிக்குச் சொன்ன அதே மாறி இதற்கும் பொருந்தும். 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல், என்விடியாவின் கையொப்பம் இட்ட நுண்நிரல் இல்லாமல் அட்டையின் வேகத்தை உயர்த்த இயலாதபடி பூட்டப்பட்டதால், நுவோவில் அவை தொடக்க நிலையின் மெதுவான வேகத்திலேயே ஓடின. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் கூறுகளின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது. 2024 ஜனவரியில் வந்த கெர்னல் 6.7 பதிப்பில், அட்டையின் உள்ளே இருக்கும் ஜிஎஸ்பி என்ற சிறு நுண்செயலியின் வழியாக நுவோவும் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே இது பொருந்தும், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகள் முதல். திறந்த வழியில் எல்லாம் நடக்கும் நாள் நெருங்குகிறது என்று நம்புகிறேன். ஆனாலும் இன்றைக்கு விளையாட்டுக்கோ கனமான வடிவமைப்புக்கோ என்விடியா தரும் இயக்கியையே தொடக்க நிலைப் பயனருக்குப் பரிந்துரைப்பேன்.

அதை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். விண்டோஸ் பழக்கத்தில் என்விடியாவின் தளத்துக்குப் போய்க் கோப்பை இறக்கி நிறுவக் கூடாது. அப்படி நிறுவியதை, மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் உங்கள் வழங்கலின் பொதி மேலாளர் அறியாது, அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அது உடையக்கூடும். உபுண்டுவிலும் அதன் வழிவந்தவற்றிலும் கூடுதல் இயக்கிகள் என்ற சாளரத்தில் பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும், டெபியனில் நான்-ஃப்ரீ பகுதியை இயலச் செய்ய வேண்டும். பழைய அட்டைகளுக்குப் பழைய வரிசை இயக்கிகளே பொருந்தும்: ஃபெர்மி தலைமுறைக்கு 390, கெப்ளருக்கு 470. யாரோ எழுதிய நிறுவல் நிரலை நிர்வாகி உரிமையோடு ஓடவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு பம்பிள்பீயின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 2011இல் அதன் நிறுவல் நிரலின் ஒரு வரியில் தவறி நுழைந்த ஒரே ஓர் இடைவெளி, பயனர்களின் மென்பொருள்கள் இருக்கும் யுஎஸ்ஆர் கோப்பகத்தை முழுவதுமாக அழித்துவிடக் கூடியதாக இருந்தது. உள்ளன்போடு உழைத்தவர்களுக்கே அது நேர்ந்தது என்பதால்தான், சரிபார்க்கப்பட்ட பொதிகளை மட்டும் பயன்படுத்துமாறு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த தடை செக்யூர் பூட். கையொப்பம் இல்லாத கெர்னல் கூறுகளை ஏற்றவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இது. உபுண்டு முன்கூட்டியே கையொப்பமிட்ட கூறுகளைத் தருகிறது. ஆனால் டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே இயக்கியைத் தொகுக்கும்போது, அதற்கான கையொப்பச் சாவியை நீங்கள்தான் கணினியில் பதிய வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். கணினியை மறுபடி தொடங்கியதும் நீல நிறத் திரை ஒன்று தோன்றும், அதில் ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லை இட வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே நிற்கும். இன்னதென்று தெரியாமல் அதைக் கடந்து போய்விட்டு, இயக்கி நிறுவியும் வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது எளிய வழிதான். சாவியைப் பதிவது இரண்டு நிமிட வேலை என்பதால் அந்தப் பாதுகாப்பைக் கைவிட வேண்டியதில்லை.

இயக்கியை நிறுவியபின், அல்லது ஒரு கெர்னல் புதுப்பிப்புக்குப்பின், திரை கருப்பாக நின்றுவிட்டால் கலங்க வேண்டாம், தரவு எதுவும் அழிந்திருக்காது. பெரும்பாலும் புதிய கெர்னலுக்கு ஏற்ற இயக்கிக் கூறு தொகுக்கப்படாமல் போயிருக்கும். கெர்னலின் தலைப்புக் கோப்புகள் அடங்கிய ஹெட்டர்ஸ் பொதி இல்லாததே அதற்கு வழக்கமான காரணம். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை, பழைய வகைக் கணினியானால் ஷிஃப்ட் விசையை, அழுத்தினால், கணினியைத் தொடங்கிவைக்கும் குரூப் என்ற நிரலின் பட்டியல் வரும். அதில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பழைய நிலையில் உள்ளே நுழைந்துவிடலாம். அதுவும் இயலாவிட்டால், பட்டியலில் ஆங்கில ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்து எஃப்10 விசையை அழுத்துங்கள். திரை மங்கலாகவும் மெதுவாகவும் இருக்கும். ஹெட்டர்ஸ் பொதியைச் சேர்க்கவோ இயக்கியை நீக்கி மறுபடி நிறுவவோ அது போதும்.

ஒரு செயலியைப் பெரிய அட்டைக்கு அனுப்புதல்

உபுண்டுவில் பிரைம்-செலக்ட் என்ற கருவி மூன்று நிலைகளைத் தருகிறது. இன்டெல் என்ற நிலையில் தனி அட்டை முற்றிலும் ஓய்வில் இருக்கும். என்விடியா என்ற நிலையில் எல்லாவற்றையும், இந்த உரைச் சாளரத்தைக்கூட, தனி அட்டையே வரையும். ஆன்-டிமாண்ட் என்ற மூன்றாவது நிலையில் மேசைத்தளம் உள்ளமை அட்டையில் ஓடும், நீங்கள் சொல்லும் செயலி மட்டும் தனி அட்டைக்குப் போகும். நிலையை மாற்றிய பிறகு கணினியை மறுபடி தொடங்க வேண்டும். பெரும்பாலானோருக்கு மூன்றாவது நிலையே பொருத்தம், இனிச் சொல்வதும் அதைப் பற்றியே.

ஆன்-டிமாண்ட் நிலையில், செயலியின் பெயருக்கு முன்னால் பிரைம்-ரன் என்று சேர்த்தால் அது தனி அட்டையில் ஓடும். இந்தக் கட்டளை ஒரு சிறு நிரல்தான். என்வி பிரைம் ரெண்டர் ஆஃப்லோடு என்ற மாறிக்கு 1 என்றும், ஜிஎல்எக்ஸ் நூலகத்தைத் தேர்ந்தெடுக்கும் மாறிக்கு என்விடியா என்றும் மதிப்பிட்டுவிட்டு, பிறகு உங்கள் செயலியைத் தொடங்குகிறது. ஸ்டீம் விளையாட்டுகளில் ஒவ்வொரு விளையாட்டின் தொடக்கத் தெரிவுகளிலும் இதையே முன்னால் எழுதலாம். முனையமே வேண்டாம் என்பவர்களுக்கு, 2016இல் ஃபெடோரா 25 பதிப்போடு அறிமுகமான ஸ்விட்சரூ-கன்ட்ரோல் என்ற சேவை இருக்கிறது. அது செயல்படும் க்னோம் மேசைத்தளத்தில் ஒரு செயலியின் சின்னத்தின் மேல் வலச் சொடுக்கினால், தனி அட்டையில் தொடங்கும் தெரிவு பட்டியலில் வரும். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் அமர்விலும் இவை எல்லாம் இப்படியே இயங்கும்.

உண்மையிலேயே அட்டை மாறியதா என்பதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. மெசா-யுடில்ஸ் பொதியில் வரும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை முதலில் தனியாகவும், பிறகு பிரைம்-ரன் சேர்த்தும் ஓட்டி, ஓப்பன்ஜிஎல் ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். முதல் முறை இன்டெல் அல்லது ஏஎம்டி என்றும், இரண்டாம் முறை என்விடியா என்றும் வந்தால் எல்லாம் சரி. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னதுபோல அமைப்புகள் பக்கத்தில் இன்டெல் என்று காட்டுவது கோளாறு அன்று என்பது இப்போது விளங்கியிருக்கும். மேசைத்தளத்தை வரைவது அதுதான், ஆகவே அதன் பெயரே அங்கே வருகிறது.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் சைக்கிள்ஸ் முறையில் இறுதிப் படத்தை உருவாக்குவதற்கும், இயந்திரக் கற்றல் கணக்குகளுக்கும் பிரைம்-ரன் தேவையில்லை. அவை ‘கூடா’ என்னும் என்விடியாவின் கணக்கீட்டு வழியில் அட்டையை நேரடியாக அழைத்துக் கணக்குகளைச் செய்துகொள்கின்றன. திரையில் எதையும் காட்டாததால், கைமாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. பிளெண்டரின் விருப்பத்தேர்வுகளில் கூடா அல்லது ஆப்டிக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிளெண்டரின் வேலைச் சாளரமே விரைவாக நகர வேண்டும் என்றால்தான் பிரைம்-ரன் சேர்த்துத் தொடங்க வேண்டும்.

வெளித்திரையும் மின்கலமும்

பல மடிக்கணினிகளில் உள்திரை உள்ளமை அட்டையோடும், எச்டிஎம்ஐ துளை தனி அட்டையோடும் இணைக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய கணினியை மின்சாரம் மிச்சமாகட்டும் என்று இன்டெல் நிலைக்கு மாற்றிவிட்டால், எச்டிஎம்ஐ துளைக்குப் பின்னால் உயிருள்ள அட்டையே இல்லாமல் போகிறது. திரை இருண்டு கிடப்பதன் காரணம் இதுதான். ஆன்-டிமாண்ட் நிலைக்குத் திரும்பினால், முன்பு சொன்ன கைமாற்றம் எதிர்த்திசையில் நடக்கும்: உள்ளமை அட்டை வரைந்ததைத் தனி அட்டை வாங்கி வெளித்திரையில் காட்டும். வெளித்திரை செருகியிருக்கும் வரை தனி அட்டை உறங்க முடியாது, மின்கலமும் விரைவாகக் கரையும். சில கணினிகளில் எச்டிஎம்ஐ தனி அட்டையோடும், யுஎஸ்பி-சி உள்ளமை அட்டையோடும் இணைந்திருக்கும். அப்படியானால் வெளித்திரையை யுஎஸ்பி-சி வழியாகச் செருகுவதே சிக்கனம்.

வேலை இல்லாதபோது தனி அட்டை உறங்குகிறதா என்பதே கடைசியாகப் பார்க்க வேண்டியது. டூரிங் தலைமுறை முதல், 435 வரிசை இயக்கியோடு வந்த ஆர்டிடி3 என்ற வசதியால், எந்தச் செயலியும் பயன்படுத்தாதபோது அட்டையின் மின்சாரத்தை அறவே நிறுத்திவிட முடிகிறது. பல வழங்கல்கள் இதைத் தாமாகவே அமைத்துவிடுகின்றன. அதற்கு முந்தைய தலைமுறை அட்டைகளில் என்விடியா இயக்கி ஏறியிருக்கும் வரை முழு உறக்கம் இல்லை. பயணம் போகும் நாளில் இன்டெல் நிலைக்கு மாற்றிக்கொள்வதே அவற்றுக்கு வழி.

உறக்கத்தைச் சோதிக்க என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது. உறங்குகிறாயா என்று கேட்டு எழுப்புவது போல, அந்தக் கட்டளையே அட்டையை விழிக்கவைத்துவிடும். அட்டையின் வெப்பநிலையை எப்போதும் மேசைத்தளத்தின் மூலையில் காட்டிக்கொண்டிருக்கும் சிறு செயலிகளும் இதையே செய்கின்றன. காரணம் தெரியாமல் மின்கலம் கரையும் கணினிகளில் நான் முதலில் தேடுவது அவற்றைத்தான். கோப்பு மேலாளரில் சிஸ் கோப்பகத்துக்குள் சென்று, பஸ், பிசிஐ, டிவைசஸ் என்று வரிசையாக இறங்கி, முன்பு தாளில் குறித்துவைத்த முகவரியின் பெயரிலான கோப்புறையைத் திறங்கள். அங்கே முகவரிக்கு முன்னால் நான்கு பூச்சியங்களும் ஒரு முக்காற்புள்ளியும் சேர்ந்திருக்கும். அதன் உள்ளே பவர் என்ற கோப்புறையில் ரன்டைம் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு இருக்கிறது. அதைப் படிப்பதால் அட்டை விழிக்காது. விளையாட்டை மூடிவிட்டுச் சில நொடிகள் பொறுத்து அந்தக் கோப்பைப் பாருங்கள்: ஆக்டிவ் என்றிருந்தால் ஏதோ ஒரு செயலி அட்டையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, சஸ்பெண்டட் என்றிருந்தால் கொல்லைப்புறத்து அடுப்பு அணைந்துவிட்டது.